பூட்டுக்காரர் பிடித்த திருடன்

ஒண்ணு. ரெண்டு. மூணு. பூட்டைப் பிடித்து மூன்று தடவை இழுத்தாயிற்று. சாவிக்கொத்து பெல்ட்டில் ஏறியாயிற்று. இரண்டு மாடி இறங்கி, சினிமாவுக்கு நேரமாகிறதே என்று நாங்கள் பரபரக்கும்போது, "ஒரு நிமிஷம் மாப்ளே" என்று அத்தான் திரும்பி மேலே ஏறுகிறார். மறுபடியும் ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்தச் சத்தம் மூன்றாம் மாடியிலிருந்து வாசல்வரை கேட்கும். அக்கா படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிப்பாள். அவளுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. இருபத்தாறு வருஷத்தில் இந்தப் படிக்கட்டில் நின்றபடியே அவள் படித்து முடித்த புத்தகங்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும்.

என் அக்காவின் கணவரைத்தான் சொல்கிறேன். அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெயர் பூட்டுக்காரர். பூட்டும் இரும்புப் பெட்டகமும் விற்கும் கடையில் மேலாளர். நல்ல உயரம், அதற்குத் தகுந்த கனம், எப்போதும் முழங்கைவரை மடித்த சட்டை. யாரிடம் பேசினாலும் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. கடையில் அவர் பூட்டு விற்கும் அழகை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "இதை நம்பலாம் சார். ஆனா எதையுமே பூட்டிட்டுத்தான் நம்பணும்" என்பார். அதுவரை சாவிக்கொத்து சும்மா தொங்கும். "இதைச் செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் திறக்க முடியாது" என்று அடுத்த வரிக்குப் போகும்போது மட்டும் அவருடைய இடது கை தானாகப் போய்ச் சாவிகளைக் குலுக்கும். பொய் கலக்கும் இடத்தில் அந்தக் கை சும்மா இராது. இது அவருக்குத் தெரியாது. அக்காவுக்கும் எனக்கும் தெரியும். நாங்கள் சொல்லிக்கொடுப்பதாக இல்லை.

வீட்டில் பீரோவுக்குப் பூட்டு, பீரோவுக்குள் இருக்கும் இழுப்பறைக்குப் பூட்டு, மூலையில், கடைக்கு மாதிரிச் சரக்காக வந்த ஒரு இரும்புப் பெட்டகம். பிஸ்கட் டப்பா இருக்கிற அலமாரிக்குக்கூட எண் பூட்டு. அந்த எண் தன்னுடைய பிறந்த நாள் என்று அக்கா பல வருஷம் மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்தது, அது கடை திறந்த நாள். இரண்டுக்கும் ஒரு இலக்கம்தான் வித்தியாசமாம். "நீங்க பூட்டாத ஒரே சாமான் உங்க வாய்தான்" என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் வைஃபை ரிப்பேர் வைத்தியரானது ஒரு மீன் தொட்டியால். முதல் மாடியில் இருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் டிவியில் பந்தாட்ட கேம் விளையாடுகிறவர். எதிராளி கோல் போடும்போதெல்லாம் தன்னுடைய இணைப்பு மட்டும் அறுந்துபோகிறது என்று ஒருநாள் புலம்பினார். அத்தான் போய் அறையைச் சுற்றிப் பார்த்தார். ரவுட்டருக்கும் கேம் மெஷினுக்கும் நடுவில் ஆள் உயர மீன் தொட்டி. "தண்ணி சிக்னலைக் குடிச்சிடும்" என்று சொல்லி அதை நகர்த்தச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். அதன்பிறகு இணைப்பு அறவேயில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் யாருக்கு நெட் வேலை செய்யாவிட்டாலும் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மீன் தொட்டி இருக்கா?"

இல்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும் அவருக்கு. பிறகு வழக்கமான சிகிச்சை. ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்குவார். வீட்டிலுள்ள எல்லோரையும் நிற்க வைத்து முப்பது எண்ணுவார். "பழசெல்லாம் வடியணும், அவசரப்படக் கூடாது" என்பார். மறுபடி செருகுவார். பத்தில் ஏழு வீட்டில் அதிலேயே சரியாகிவிடும். அது அவர்கள் தாங்களே செய்திருக்கக்கூடிய வேலை என்று யாரும் சொல்வதில்லை. மீதி மூன்று வீட்டில், "இதை ஸ்டடி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவார். தெரியவில்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நானோ அக்காவோ கேட்டதில்லை.

தன்னுடைய வீட்டு ரவுட்டர் விஷயத்தில் இந்தத் தாராளமெல்லாம் கிடையாது. அவருடைய வைஃபையின் பெயரே ‘உள்ளே வராதே’. கடவுச்சொல் முப்பத்தோரு எழுத்து. அது ஒரு நோட்டில் இருக்கிறது, நோட்டு பெட்டகத்தில் இருக்கிறது. விருந்தாளியாகப் போன நான் ஒருமுறை நெட் கேட்டுவிட்டேன். என் போனை வாங்கிக்கொண்டு, என்னை பால்கனிக்கு அனுப்பி, பெட்டகத்தைத் திறந்து, முதுகைக் காட்டியபடி அவரே தட்டிப் போட்டார். ரவுட்டருக்குள் யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. கடைக் கணக்கைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்ப்பாரா தெரியாது, அதைத் திங்கட்கிழமைதோறும் பார்ப்பார். அதுவும் போனில் பார்க்க மாட்டார். போன் தெருவில் விழுந்துவிடலாம், எவனாவது எடுத்துவிடலாம். ஹாலில் மேஜையோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருக்கிற பழைய கம்ப்யூட்டரில்தான் அந்தப் பக்கம் திறக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு அவருடைய மகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், வயது இருபத்தைந்து. வேறு ஊரில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, தனி வீடு. அவள் பள்ளியில் படித்தபோது அடம் பிடித்து வாங்கிய கேம் மெஷின் இன்னும் அந்த வீட்டு ஹாலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பரீட்சை நெருங்கினால் மெஷினை விட்டுவிட்டு அதன் கன்ட்ரோலரை மட்டும் எடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார். மெஷின் கண்ணுக்கு முன்னால் இருக்கும், தொட முடியாது. அதைவிடக் கொடுமை எனக்குத் தோன்றவில்லை.

அவள் வேலைக்குப் போன பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் போனில் பேச விஷயம் இருப்பதில்லை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீ?" "ஆச்சு. இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." முடிந்தது. அவள்தான் ஒரு யோசனை பண்ணினாள். தானும் அங்கே ஒரு மெஷின் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே கார் பந்தயத்தில் ஓட்டுவது என்று வைத்தாள். காதில் மைக் வைத்த ஹெட்போன். வண்டி ஓட ஆரம்பித்ததும் அந்த மனிதருக்கு வாய் திறந்துவிடும். கண் ரோட்டில் இருப்பதால் வெட்கம் போய்விடுகிறதோ என்னவோ. கடையில் நடந்தது, முட்டி வலி, அக்கா திட்டியது எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். இப்போதும் கன்ட்ரோலர் பெட்டகத்தில்தான் இருக்கிறது. அந்த வீட்டில் அதைத் தொட வேறு ஆளில்லை. ஆனாலும் ஞாயிறு நாலே முக்காலுக்கு எண்ணைத் திருப்பி எடுப்பார், ஆறரைக்கு வைத்துப் பூட்டி மூன்று தடவை இழுப்பார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், அவள் சொன்னாள்: "அப்பா, நான் வேலையை விட்டுட்டேன். குழந்தைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கப் போறேன்."

அத்தான் சொன்ன பதில்: "வளைவு வருது, பார்த்து ஓட்டு."

அவ்வளவுதான். அந்தச் சுற்று முடிந்தது, அடுத்த சுற்றும் முடிந்தது, அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமில்லை என்று அக்கா சொல்கிறாள். எந்தப் புதுச் செய்தியையும் ஒரு வாரம் உள்ளே வைத்திருந்துதான் வெளியே எடுப்பார், அவருடைய சுபாவம் அப்படி. மகளுக்கு மட்டும் அது எப்படித் தெரியும்? அடுத்த ஞாயிறு அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

இங்கேதான் திருடன் வருகிறான். அவள் வேலையை விட்டதைச் சொன்னாளே, அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான் நெட் கம்பெனியிலிருந்து புது ரவுட்டர் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தான் அதே பெயரையும் அதே முப்பத்தோரு எழுத்தையும் அதற்குப் போட்டு, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கருவிகளையெல்லாம் பட்டியலில் பெயர் எழுதிச் சேர்த்தார். தன்னுடைய போன், அக்கா போன், டிவி, வாசல் கேமரா என்று நாலு. திங்கட்கிழமை வழக்கம்போலப் பக்கத்தைத் திறந்தால் ஐந்தாவதாக ஒரு ஆள். பெயரில்லை, ஏதோ எண்ணும் எழுத்துமாக ஒரு வரி. ஞாயிறு மாலை ஐந்துக்கு வந்திருக்கிறான், ஆறரைக்குப் போயிருக்கிறான். ஏகப்பட்ட டேட்டா இழுத்திருக்கிறான்.

அன்று மத்தியானமே எனக்கு போன் வந்தது. குரலில் அப்படி ஒரு களிப்பு.

"மாப்ளே, திருடனைப் பிடிச்சுட்டேன்! நம்ம நெட்டுக்குள்ள பூந்திருக்கான்!"

"அப்படியா அத்தான்? யாரு?"

"ஆள் கெட்டிக்காரன். நானும் பாப்பாவும் விளையாடறோமே, சரியா அந்த நேரம் பார்த்து வந்திருக்கான். அப்ப நான் கவனிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான். நாங்க முடிச்சதும் அவனும் போயிட்டான்!"

"என்ன பண்ணினீங்க?"

"பிளாக் பண்ணிட்டேன். இனி இந்த ஜென்மத்துல உள்ள வர முடியாது."

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. "சபாஷ் அத்தான்" என்று நான் பாராட்டினேன். கேட்ட மாத்திரத்தில் எனக்கும் உறைக்கவில்லை, காரியம் முற்றும்வரை உறைக்கவேயில்லை. அவர் அதோடு விடவில்லை. படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்: ‘அடுத்தவர் இணையத்தில் நுழையும் நபருக்கு: உங்களைக் கண்டுபிடித்தாயிற்று. கதவு அடைக்கப்பட்டது.’ எதிர்வீட்டு வயலின் டீச்சர் மேல் அவருக்குச் சந்தேகம். ஞாயிறு மாலை அவர்கள் வீட்டில் வகுப்பு கிடையாது, சத்தமே வராது. சத்தம் வராத வீட்டில் என்ன நடக்கும்? படம் பார்ப்பார்கள். யார் நெட்டில்? இப்படிப் போகிறது அவருடைய துப்பறிதல். பாவம், அந்த அம்மாள் காலையில் சிரித்தால் இவர் அவர்கள் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாலே முக்காலுக்குக் கன்ட்ரோலர் பெட்டகத்திலிருந்து வந்தது. மெஷினைப் போட்டார். வைஃபை குறியில் கோடுகள் முழுசாக இருந்தன. ‘இணைக்க முடியவில்லை’ என்று திரையில் வந்தது. மின்சாரத்தைப் பிடுங்கி முப்பது எண்ணினார். முடியவில்லை. அறுபது எண்ணினார். ரவுட்டரை பீரோ மேல் ஏற்றினார், அங்கிருந்து கவிழ்த்த வாளி மேல் இறக்கினார். சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். ஐந்திலிருந்து ஆறரைவரை மைக்ரோவேவ் அடுப்பைத் தொடக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு. வீட்டில் மீன் தொட்டி இல்லாதது அவருக்கு அன்றைக்கு ரொம்பக் குறையாகத்தான் இருந்திருக்கும்.

வாரத்தில் நாலு தடவை கம்பெனிக்குப் பேசிச் சத்தம் போட்டார். ஐந்தாவது தடவை ஒரு மெக்கானிக்கை அனுப்பிவைத்தார்கள். அவர் பொறுமையாகச் சோதித்துவிட்டு, "லைன் சுத்தமா இருக்கு சார். உங்க செட்டிங்ஸ்ல ஏதாவது தடுத்து வெச்சிருக்கான்னு ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று கேட்டார். பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அத்தான் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார். "என் செட்டிங்ஸை நான் வெளியாளுக்குக் காட்டறதில்லை."

இரண்டாவது ஞாயிறும் அப்படியே போனது. அதற்குள் மகளுக்கும் அம்மாவுக்கும் போனில் நடந்தது வேறு. மெஷின் வேலை செய்யவில்லையடி என்று அக்கா உள்ளதைச் சொன்னாள். அவள் நம்பவில்லை.

"அப்பாவா? அந்த பில்டிங் முழுக்க நெட் சரி பண்றவருக்கு, சொந்த வீட்டு மெஷினைச் சரி பண்ணத் தெரியாதா? கதை விடாதம்மா. நான் வேலையை விட்டது பிடிக்கலை, அதான் வர மாட்டேங்கறார். நேரா சொல்லிட்டா என்ன?"

அத்தானிடம் போய், நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள் அக்கா. "சரி பண்ணிட்டுப் பேசிக்கலாம்" என்றார். சரி பண்ண முடியவில்லை என்று மகளிடம் சொல்வதைவிட மகள் தப்பாக நினைத்துக்கொள்வது மேல் என்று இருந்துவிட்டார். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் உண்மையாகவே ஆத்திரம் வந்தது, எழுதும்போதும் வருகிறது. ஒரு பெண் அங்கே தனியாக உட்கார்ந்து, அப்பா தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த மனிதர் இங்கே வாளியை நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது ஞாயிறு காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இன்னிக்கும் அப்பா வரலேன்னா மெஷினை யாருக்காவது குடுத்துடறேன்னு சொல்லிட்டாடா. இனிமே ஞாயித்துக்கிழமைன்னு காத்துட்டிருக்க முடியாதாம். நீ கொஞ்சம் வந்து பாரேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். அத்தான் கன்ட்ரோலரும் கையுமாக டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஸ்டடி பண்ணிட்டிருக்கேன்" என்றார். இரண்டு வாரத்தில் ஆள் கொஞ்சம் வாடித்தான் போயிருந்தார். என் போனிலிருந்து நெட் கொடுத்து மெஷினை இணைத்துப் பார்த்தேன். ஒரே தடவையில் இணைந்துவிட்டது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். ஆனால் மெஷின் உடனே மூன்று வார அப்டேட்டை இறக்க ஆரம்பித்து, நாலு நிமிஷத்தில் என் போனில் அன்றைக்கு இருந்த டேட்டாவை எல்லாம் விழுங்கிவிட்டு நின்றது.

"மெஷின் நல்லா இருக்கு அத்தான். உங்க ரவுட்டர்தான் அதை உள்ள விட மாட்டேங்குது. அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறங்க."

"அதுல எல்லாம் கரெக்டா இருக்கு" என்றார். சாவிகள் குலுங்கின.

"அஞ்சு அடிச்சாச்சு" என்றாள் அக்கா.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து, பெட்டகத்தைத் திறந்து, நோட்டை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கம்ப்யூட்டரில் தட்டினார். நான் டிவி திரையில் மெஷினின் விவரப் பக்கத்துக்குப் போனேன். இப்படிப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் கொடுத்துவிடுகிறார்கள், ஒன்றின் எண் இன்னொன்றுக்கு இராது. ரவுட்டர் ஆளை அடையாளம் பார்ப்பது அதை வைத்துத்தான்.

"பிளாக் பண்ணின லிஸ்ட்ல என்ன நம்பர் இருக்கு? கடைசி நாலு மட்டும் படிங்க."

"அது அந்தத் திருடனோடது மாப்ளே, அது எதுக்கு?"

"படிங்களேன்."

"ஏழு. நாலு. சி. ஒன்பது."

நான் டிவியைக் காட்டினேன். திரையில் பெரிய எழுத்தில் இருந்தது. ஏழு, நாலு, சி, ஒன்பது. அத்தான் கம்ப்யூட்டரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். சனிக்கிழமை பட்டியல் எழுதியபோது மெஷின் அணைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரே போட்டார், அதுவும் பழைய கடவுச்சொல்லோடு சமர்த்தாகத் தானே உள்ளே போனது. அவர் ஐந்துக்கு வந்தார், ஆறரைக்குப் போனார். திருடனும் அப்படித்தான்.

"திருடன் கிடைச்சுட்டானா?" என்று கேட்டாள் அக்கா. அவள் குரலில் இரக்கமே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"இதை ஸ்டடி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முகம் சிவந்து, காது சிவந்து, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு மறுபடி மடித்தார். "தெரியலை மாப்ளே" என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சு." இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. கேட்டதும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நான் நினைத்து வைத்திருந்தேன். அப்படி இல்லை.

தடையை எடுத்தார். மெஷின் நாலு வினாடியில் இணைந்தது. மிச்ச அப்டேட்டும் இறங்கி முடிந்தபோது ஐந்து இருபது. நண்பர்கள் பட்டியலில் மகளின் பெயர் மட்டும் இருந்தது, அதுவும் மங்கலாக. அவள் காத்திருந்துவிட்டு அணைத்துவிட்டாள்.

அத்தான் போனை எடுத்து எண்ணைத் தட்டாமல் அக்காவிடம் நீட்டினார். "நீ பேசு." அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பூட்டினது நீங்க. நீங்களே திறங்க."

அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் அக்கா. ஆறாவது மணியில் பாப்பா எடுத்தாள்.

"சாப்பிட்டியா?"

"மணி அஞ்சரைப்பா. என்ன சாப்பாடு?"

"இல்ல... மெஷின் வரலைம்மா, அதான்."

"அம்மா சொன்னா. நீ வர வேணாம்னு நெனச்சா நேராவே சொல்லலாம்ப்பா. நான் ஒண்ணும் அழ மாட்டேன்." சொன்ன குரல் அழுது முடித்த குரலாக இருந்தது.

அத்தானின் இடது கை சாவிக்கொத்துக்குப் போனது. "அது வந்து, கம்பெனிக்காரன்..." என்றார். சாவிகள் குலுங்கின. அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் ஹாலைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். வாளி, கண்ணாடி இல்லாத சுவர், திறந்து கிடந்த பெட்டகம். கை கீழே இறங்கியது.

"கம்பெனிக்காரன் இல்லம்மா. நான்தான். எவனோ திருடன் பூந்துட்டான்னு நம்ம மெஷினையே பிளாக் பண்ணிட்டேன்."

"என்னது?"

"நம்ம விளையாடற நேரத்துல யாரோ உள்ள வந்திருக்கான்னு காட்டிச்சு. பார்த்தா அது நான்தான்."

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சிரித்தாள். "அந்த மெக்கானிக் வந்தாராமே, அவர்கிட்ட காட்டலியா?" என்று கேட்டாள். "காட்டலை" என்றார். அதற்கும் சிரித்தாள். அத்தான் அத்தனையையும் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டார். சிரிப்பு ஓய்ந்ததும் அவள் குரல் மெதுவாக வந்தது.

"வேலை விஷயம், நீ ஒண்ணுமே சொல்லலியேப்பா."

சொல்லுங்களேன் என்று அக்கா வாயசைத்தாள்.

"அந்தக் குளம் எவ்வளவு ஆழம்?"

"குழந்தைங்க குளம்ப்பா. மூணு அடிதான்."

"சுத்தி வேலி இருக்கா? கதவு?"

"இருக்கு."

"யாரும் இல்லாதப்ப பூட்டுவாங்களா?"

"பூட்டுவாங்கப்பா."

"என்ன பூட்டு?"

"எனக்கென்னப்பா தெரியும்? ஏதோ ஒரு பூட்டு."

"ஏதோ ஒரு பூட்டா? தண்ணிக்குப் பக்கத்துல சாதாரணப் பூட்டு போட்டா துருப்பிடிச்சுடும். சின்னப் பசங்க வர இடம். நாளைக்கு அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நல்லதா ஒண்ணு நான் அனுப்பறேன்."

மறுமுனையில் அவள், "சரிப்பா" என்றாள். ஒரே சொல்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். இவ்வளவு நேரம் இந்த மனிதரை நாலு வாங்கு வாங்கவேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்த நான், கட்டிலுக்கடியிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து சுவரில் மாட்டினேன்.

அதற்குப்பின் பந்தயம் நடந்தது. அவள் மூன்று சுற்றிலும் ஜெயித்தாள். இவர் வழக்கம்போல ரோட்டின் நடுவிலேயே ஓட்டி அவளுக்கு வழிவிடாமல் அழும்பு பண்ணினார், வளைவு வருது வளைவு வருது என்று கத்தினார். ஆறரைக்குக் கன்ட்ரோலர் பெட்டகத்துக்குள் போனது, மூன்று தடவை இழுத்தார். ஒரு நாளில் ஆள் மாறிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

என்னை பஸ் ஏற்றிவிட இரண்டு பேரும் கிளம்பினார்கள். வாசல் பூட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு. படியிறங்கும்போது சுவரில் ஒட்டியிருந்த தாளை, தன்னை யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் அத்தான் பிய்த்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வயலின் டீச்சர் எதிரே படியேறி வந்தார்கள். அத்தான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டு, "வணக்கங்க" என்றார். அந்த அம்மாள் பதில் வணக்கம் சொல்லாமல் அவருடைய கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாடி இறங்கியிருப்போம். "ஒரு நிமிஷம் மாப்ளே" என்று திரும்பி ஏறினார். அக்கா கைப்பிடியில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். இரண்டு பேரும் அந்த மூன்று சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. சாவி திருகுகிற சத்தமும் கதவு திறக்கிற சத்தமும்தான் வந்தன. நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. அத்தான் செருப்புக்கூடக் கழற்றாமல் ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து நின்றிருந்தார். அனுமதித்தவர்கள் பட்டியலில் ஐந்தாவது வரியில், எண்ணும் எழுத்தும் இருந்த இடத்தில், ‘பாப்பா’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அனுமதி உண்டு என்று காட்டும் பச்சைப் புள்ளி. அவர் அந்த வரியின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒண்ணு. ரெண்டு. மூணு.